வால்பாறை ஏறும்போது மட்டும் இன்ஜின் ஹீட் ஆகுது, தெர்மோஸ்டாட்டை கழட்டிரலாமா?

உடுமலை_வண்டி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிச்சு சொல்லுங்க. என்கிட்ட இருக்கறது 2012 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டா வாங்கி மூணு வருசம் ஆச்சு, இப்ப 98,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. உடுமலை பொள்ளாச்சி கோயமுத்தூர்னு தரையில ஓட்டற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லீங்க. போன ஞாயித்துக்கிழமை அம்மா, வீட்டுக்காரம்மா, ரெண்டு குழந்தைங்கன்னு எல்லாத்தையும் கூட்டிட்டு வால்பாறை கிளம்பினோம். ஆழியார் செக்போஸ்ட் தாண்டி ஒம்போதாவது பெண்டுல வியூபாயிண்ட்ல நிறுத்தி ஆழியார் டேமை பாத்துட்டு கிளம்பற வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல முன்னாடி ஒரு பஸ்ஸு, தாண்ட முடியல, பர்ஸ்ட் கியரு செகண்ட் கியருன்னு ஊர்ந்துட்டே போறோம், ஏசி வேற ஓடுது, அட்டகட்டி போறதுக்குள்ள டெம்பரேச்சர் ஊசி பாதியை தாண்டி முக்காலுக்கு வந்துருச்சு. பயந்து போயி ஏசியை ஆப் பண்ணி ஓரமா நிறுத்திட்டேன். நிறுத்தின அப்புறம் ரிசர்வ் டேங்க்ல (ரேடியேட்டரோட சேந்த தண்ணி டப்பா) குபுகுபுன்னு சத்தம், மூடி ஓரமா ஆவி வந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு அப்படியே வண்டியை திருப்பி இறங்கி வந்துட்டோமுங்க. குழந்தைங்க அழுதுட்டே வந்தது இன்னும் மனசுக்கு கஷ்டமா இருக்குது.

ரெண்டு மூணு விசயம் சொல்லணும். ஒண்ணு, மாசம் ஒருக்கா ரிசர்வ் டேங்க்ல தண்ணி குறையும், ஒரு டம்ளர் ஒன்றரை டம்ளர் இருக்கும், வீட்டு போர்த்தண்ணியைத்தான் ஊத்திட்டு வர்றேன். கீழ தரையில ஒரு சொட்டு கூட பாத்ததில்ல. ரெண்டாவது, மைலேஜ் வாங்கினதுல இருந்தே 13 தான் குடுக்குது, இதே வண்டி வெச்சிருக்கற என் மச்சானுக்கு 17 வருது. அப்புறம் காலைல எடுத்தா ஊசி மேல வர ரொம்ப நேரம் ஆகுது, ராத்திரி பைபாஸ் ரோட்டுல போனா கால்வாசி கூட தாண்டாது, அதனால நம்ம வண்டி நல்லா கூலா ஓடுதுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

இங்க ரெண்டு மெக்கானிக்கிட்ட காட்டினேன். ஒருத்தர் தெர்மோஸ்டாட்டை கழட்டி போட்டுட்டா சரியாயிரும்ங்கறார். இன்னொருத்தர் வண்டியை சரியா பாக்கக்கூட இல்லீங்க, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கற சீல்) போயிருக்கும், ஹெட்டை இறக்கி பேசிங் அடிச்சு மட்டமாக்கணும், இருவதாயிரம் ஆகும்ங்கறார். எதை நம்பறதுன்னு தெரியல. தீபாவளி லீவுக்கு மறுபடி கூட்டிட்டு போறேன்னு குழந்தைங்ககிட்ட சொல்லிட்டேன், அதுக்குள்ள சரி பண்ணணும்.

---

கரூர்_டிராவல்ஸ்:

தெர்மோஸ்டாட்டை கழட்டிருங்க ப்ரோ, ஒண்ணும் ஆகாது. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு, பனி பெய்யற நாட்டுக்காரனுக்குத்தான் அது. என் பழைய டீசல் வண்டில கழட்டி நாலு வருசமா ஓட்டறேன், இதுவரைக்கும் சூடே ஆனதில்ல. செலவு நூறு ரூபாதான்.

---

மதுரை_ஸ்பேனர்:

அண்ணே கழட்டாதீங்க. கரூர் அண்ணன் தப்பா எடுத்துக்க வேணாம், இதை கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இந்த ஒரு விசயத்தால பாழாப்போன இன்ஜினை வருசத்துக்கு நாலஞ்சாவது நான் பிரிக்கிறேன். 19 வருசமா இதே வேலைதான் பாக்குறேன்.

தெர்மோஸ்டாட்டுங்கறது சின்ன வால்வு, உள்ள மெழுகு இருக்கு. தண்ணி 82 டிகிரி பக்கம் வரும்போது மெழுகு உருகி விரிஞ்சு வால்வை தள்ளித் திறக்கும், 95 பக்கம் முழுசா திறந்துரும் (சில வண்டிக்கு 88ல தான் திறக்க ஆரம்பிக்கும், மேலயே நம்பர் அடிச்சிருப்பான்). அது திறக்குற வரைக்கும் தண்ணி ரேடியேட்டருக்கு போகாம இன்ஜினுக்குள்ளயே பைபாஸ்ங்கற குறுக்கு வழியா சுத்தும், அதனால இன்ஜின் சீக்கிரம் சூடேறும். நம்ம ஊர்லயும் அது வேணும்ணே, வெளிய 35 டிகிரி வெயில் அடிச்சாலும் இன்ஜினுக்கு வேண்டியது 90. குளிர்ந்தே ஓடுற இன்ஜினுக்கு கம்ப்யூட்டர் என்ன பண்ணும்னா இன்னும் சூடாகலைன்னு நெனச்சு பெட்ரோலை கூடக்கூட ஊத்தும். அந்த பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலக்கும், ஆயில் இளகும், மைலேஜ் விழும்.

இதைவிட முக்கியமான விசயம் ஒண்ணு இருக்கு, பல மெக்கானிக்குக்கே தெரியாது. நிறைய கார்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு தட்டு இருக்கும். மேல்தட்டு ரேடியேட்டர் வழியை திறக்கும்போதே கீழ்தட்டு போய் பைபாஸ் வழியை அடைக்கும். முழுசா கழட்டி வீசிட்டா பைபாஸை அடைக்க ஆளே இல்ல. அப்ப கொதிக்கிற தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம இன்ஜினுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். தரையில காத்து நல்லா அடிக்கும், லோடு கம்மி, அதனால வண்டி ஜில்லுன்னு ஓடுற மாதிரி தெரியும். மலை ஏறும்போது லோடு முழுசா விழுந்து காத்தும் இல்லாம போறப்பத்தான் கொதிச்சுரும்.

இப்ப நீங்க எழுதுனதை நீங்களே திருப்பி படிங்கண்ணே. காலைல ஊசி ஏற நேரம் ஆகுது, ராத்திரி பைபாஸ் ரோட்டுல கால்வாசி தாண்டல, மைலேஜ் 13, மலைல மட்டும் ஹீட்டு. எனக்கு என்ன தோணுதுன்னா உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவரே தெர்மோஸ்டாட்டை கழட்டிட்டார், இல்லைன்னா அது திறந்தபடியே மாட்டிக்கிட்டு இருக்கு. வண்டிய பாக்காம அடிச்சு சொல்லக்கூடாதுதான், ஆனா அந்த ஹவுசிங்ல ரெண்டு போல்ட்டுதான் இருக்கும், கழட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்.

ஆனா அது மட்டுமே காரணம்னு நான் சொல்லல. தண்ணி குறையுதுன்னு சொன்னீங்கல்ல, அதுதான் எனக்கு பெருசா தெரியுது. மூடி போட்ட சிஸ்டத்துல தண்ணி மாசாமாசம் குறையவே கூடாதுண்ணே. பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருள் இல்ல அது. குறையுதுன்னா எங்கயோ வெளிய போகுது, இல்ல சிலிண்டருக்குள்ள போகுது. எதை மாத்துறதுக்கும் முன்னாடி எங்க போகுதுன்னு கண்டுபிடிங்க. தரையில சொட்டு விழலைங்கறதால லீக் இல்லைன்னு ஆகாது, சூடான இன்ஜின் மேல கசியுறது அப்பயே ஆவியாயிரும், வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு மாதிரி தடம் மட்டும் நிக்கும்.

வண்டி ராத்திரி முழுக்க நின்னு ஆறின பிறகு காலைல பாருங்க. மொதல்ல ஆயில் மூடியை கழட்டி அடியில மோர் மாதிரி வெளுப்பா இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா ஆயில் குச்சியையும் எடுத்துப் பாருங்க, குச்சியிலயும் அப்படி இருந்தா கேஸ்கெட்டை சந்தேகப்படலாம், மூடில மட்டும்னா குளிர்ந்து ஓடுறதால வர்ற ஈரமாவும் இருக்கும். அடுத்து ரேடியேட்டர் மூடியை கழட்டிட்டு (ஆறின வண்டில மட்டும், சூட்டுல கை வெக்கவே கூடாது, முகமெல்லாம் வெந்து போன ஆளை நான் பாத்திருக்கேன்) ஸ்டார்ட் பண்ணுங்க. ஆரம்பத்துல காத்துக் குமிழி கொஞ்சம் வரும், நின்னுரும். நிக்காம சோடா மாதிரி வந்துக்கிட்டே இருந்தா சிலிண்டர்ல எரியுற கேஸ் தண்ணிக்குள்ள வருதுன்னு அர்த்தம். உறுதி பண்ணிக்க ஒரு நீலக்கலர் திரவம் இருக்கு, ரேடியேட்டர் வாய்ல குழாய் வெச்சு அந்த ஆவியை அது வழியா இழுத்தா கேஸ் இருந்தா நீலம் மஞ்சளாயிரும். நல்ல ஷாப்ல அஞ்சு நிமிசத்துல பாத்துருவாங்க. இதெல்லாம் பாக்காம இருவதாயிரம் குடுத்து ஹெட்டை இறக்காதீங்க.

பிறகு ரேடியேட்டர் மூடி. எல்லாரும் அதை வெறும் மூடின்னு நெனைக்கிறாங்க, உள்ள ஸ்பிரிங் இருக்கு, மேலயே 0.9 இல்ல 1.1னு போட்டிருப்பான், அது பார்ங்கற அழுத்தக் கணக்கு. அந்த அழுத்தம் வர்ற வரைக்கும் அது திறக்காது. அழுத்தத்துல தண்ணி 100ல கொதிக்காது, 0.9 பார் புடிச்சா 118 டிகிரி பக்கம் போனாத்தான் கொதிக்கும், கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணில கலக்குற திரவம்) பாதிக்குப் பாதி கலந்திருந்தா 125க்கும் மேல. ஸ்பிரிங் செத்துப்போன மூடியா இருந்தா 100 பக்கமே கொதிச்சு ரிசர்வ் டேங்க் வழியா ஆவியா போயிரும். இதுல மலை வேற. ஆயிரம் மீட்டர் உயரத்துல தண்ணி 97லயே கொதிக்கும். உங்க ரிசர்வ் டேங்க் குபுகுபுன்னதை வெச்சுப் பாத்தா மூடிமேல எனக்கு பலமா சந்தேகம் இருக்கு. பிரஷர் பம்ப் வெச்சு மூடியை தனியா, ரேடியேட்டரை தனியா டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. கையால அழுத்திக்கிட்டே இருக்குற சின்ன பம்புதான், பத்து நிமிச வேலை. ரேடியேட்டர்ல அழுத்தம் இறங்குச்சுன்னா அந்த நேரம் டார்ச் அடிச்சு ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப் அடியில இருக்குற சின்ன ஓட்டை, ரேடியேட்டர் பிளாஸ்டிக் டேங்க் சேர்ற ஓரம் எல்லாத்தையும் பாத்தா மாட்டிரும்.

பேன். ஏசி போட்டா பேன் ஓடும், அதை வெச்சு பேன் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. ஏசி இல்லாம நிறுத்தி வெச்சு ஐடிலிங்ல விட்டா 95, 98 பக்கம் வரும்போது தானா ஓடி பிறகு தானா நிக்கணும். அப்படி ஓடலைன்னா சென்சார், ரிலே, வயர் பக்கம் பாருங்க. ஏசி போட்டும் ஓடலைன்னா பியூஸ், மோட்டார்.

போர்த்தண்ணி ஊத்துனதைப் பத்தி வேற யாராவது எழுதுங்கப்பா, கை வலிக்குது.

---

பழைய_சாரதி:

தம்பி, நான் 31 வருடம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். முதலில் நிறுத்தினீர்களே, அது சரியான காரியம், அதனால்தான் இன்று இன்ஜின் முழுசாக இருக்கிறது. வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டு இன்னும் நாலு பெண்டுதானே என்று மிதிக்கிறவர்கள்தான் ஹெட்டை வளைத்துக்கொள்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது அந்தக் காலத்து அம்பாசடர்கள் பர்லியாற்றில் வரிசையாக பானெட்டைத் திறந்து நிற்கும். அதில் பேன் பெல்ட்டில் ஓடுவது, இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பேனும் மெதுவாகத்தான் சுற்றும். நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் என்னவென்றால் மேட்டில் இன்ஜினைத் திணற விடக்கூடாது. மூன்றாவது கியரில் அடக்கி அடக்கி ஏற்றுகிறவர்கள் பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். இரண்டாவதில் போட்டு இன்ஜினை கொஞ்சம் வேகமாகச் சுற்ற விட்டால்தான் வாட்டர் பம்ப்பும் ஆயில் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். இப்போதைய வண்டியில் பேன் கரண்டில் ஓடினாலும் வாட்டர் பம்ப் பெரும்பாலும் பெல்ட்டில்தானே ஓடுகிறது.

ஊசி ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணைத்து விட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் பேனை முழுவதும் திருப்பி விடுங்கள், கண்ணாடிகளை இறக்கி விடுங்கள். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கிற சின்ன ரேடியேட்டர்தான், வெந்நீரின் சூட்டை அது வாங்கி வெளியே விடும். உள்ளே வெந்து போகும், ஆனால் பத்து நிமிடத்துக்கு இன்ஜினைக் காப்பாற்றும். முன்னால் பஸ் இருந்தால் ஒட்டிக்கொண்டு போகாமல் இடம் விட்டுப் பின்தங்குங்கள், அதன் சூட்டுக் காற்று உங்கள் ரேடியேட்டருக்குத்தான் வரும். ஊசி சிவப்பைத் தொட்டு விட்டால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து விட வேண்டும். பானெட்டைத் திறந்து வையுங்கள், மூடியைத் தொடாதீர்கள், இன்ஜின் மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இப்போது ஹெட் எல்லாம் அலுமினியம், திடீரென்று குளிர்ந்தால் கோணிவிடும், விரிசல் விடும். கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு மூடியில் ஈரத்துணி போட்டு பாதி திருகி ஆவி போன பிறகு எடுத்து, இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

மஞ்சள்தூள் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். நாங்களும் போட்டிருக்கிறோம், ஊசித்துளை அளவு ஓட்டையை அடைக்கும், ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அது உள்ளே இருக்கிற மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழுவி விட வேண்டும், அதைத்தான் பலர் செய்வதில்லை.

---

ஷார்ஜா_கேரேஜ்:

வணக்கம் நண்பா. நான் திருநெல்வேலி, இங்க ஷார்ஜாவுல கேரேஜ்ல வேலை. மதுரை அண்ணன் விட்ட இடத்துல இருந்து தொடர்றேன்.

பனி இல்லாத ஊருக்கு கூலண்ட் எதுக்குன்னு நம்ம ஊர்ல கேக்குறாங்க. இங்க ஆகஸ்ட் மாசம் மத்தியானம் 45 டிகிரிக்கு மேல போகும், பனிங்கற பேச்சே இல்ல, ஆனா வெறும் தண்ணி ஊத்தி ஒரு வண்டியையும் வெளிய விட மாட்டோம். கூலண்ட்ல இருக்குற எத்திலின் கிளைக்கால் உறையாம இருக்கவும் கொதிநிலையை ஏத்தவும் உதவுது, சரி. உண்மைய சொல்லப்போனா சூட்டை எடுத்துட்டு போறதுல வெறும் தண்ணிதான் கூலண்டை விட நல்லது, அதனாலதான் முழு கூலண்டா ஊத்தாம பாதிக்குப் பாதி தண்ணி கலக்குறோம். நம்ம ஊருக்கு அதுல முக்கியமானது துரு புடிக்காம இருக்க கலந்திருக்குற மருந்து. இன்ஜினுக்குள்ள வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, ரப்பர் எல்லாம் ஒரே தண்ணில நனைஞ்சு நிக்குது. மருந்து இல்லைன்னா அலுமினியம் அரிச்சு போகும், வாட்டர் பம்ப் இறக்கை தேஞ்சு போகும்.

போர்த்தண்ணி ஊத்துனீங்கன்னா சுண்ணாம்பு உப்பும் சேந்து உள்ள போகுது. வெந்நீர் போடுற பாத்திரத்துல, ஹீட்டர் காயில்ல வெள்ளையா படியுதே அதேதான். எங்க சூடு ஜாஸ்தியோ அங்கதான் மொதல்ல படியும், அதாவது ஹெட்டுக்குள்ள எக்சாஸ்ட் வால்வை சுத்தி. அந்தப் படிவு வழியா சூடு வெளிய வராது. மிச்சம் போய் ரேடியேட்டரோட மெல்லிய குழாய்ல உக்காந்துக்கும். அதனால பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில் வாட்டர் மட்டும் ஊத்துங்க, எந்த பேட்டரி கடையிலயும் கேன்ல கிடைக்கும். நடுவழில வேற வழியே இல்லைன்னா குடிக்கிற பாட்டில் தண்ணியை ஊத்திக்கலாம், இன்ஜினை காப்பாத்துறதுதான் முக்கியம், பிறகு சுத்தமா மாத்திக்கலாம்.

கலரை பாத்து கூலண்ட் வாங்காதீங்க, பச்சை, சிவப்பு, பிங்க், நீலம் இதெல்லாம் கம்பெனிக்காரன் போடுற சாயம்தான், கலருக்குன்னு பொது விதி கிடையாது. வண்டி புத்தகத்துல என்ன வகை சொல்லியிருக்கோ அதை எடுங்க. பாட்டில் பின்னாடி ஜேஐஎஸ் கே 2234 இல்லைன்னா ஏஎஸ்டிஎம் டி3306ங்கற தர நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க. கான்சன்ட்ரேட்டா (தண்ணி கலக்காதது), ரெடி மிக்ஸா (முன்னாடியே கலந்தது)ன்னும் பாருங்க, ரெடி மிக்ஸ்ல மேல தண்ணி கலக்கக்கூடாது. ரெண்டு வேற வகையை கலந்தா சில நேரம் கூழ் மாதிரி திரிஞ்சிரும், திரியாட்டியும் மருந்தோட ஆயுசு போயிரும்.

இன்னொண்ணு சொல்லணும். பழைய கூலண்டை தெருவுல, சாக்கடைல, தோட்டத்துல திறந்து விடாதீங்க. அது இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிரும், கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி செத்து உயிர் போயிரும். வீட்டுல குழந்தைங்க இருக்காங்கன்னு சொன்னீங்க, பாட்டிலை கண்டிப்பா பூட்டி வைங்க, குடிக்கிற பாட்டில்ல மட்டும் ஊத்தி வெக்காதீங்க.

---

உடுமலை_வண்டி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. மதுரை அண்ணன் சொன்ன வரிசைலயே ஒண்ணொண்ணா பாத்தேன். எங்க ஊர்ல இன்னொரு பெரியவர் ஷெட் வெச்சிருக்கார், அவர்கிட்ட பிரஷர் பம்ப் இருந்துச்சு, அங்க போயி சனிக்கிழமை முழுக்க உக்காந்துட்டேன்.

ஆயில் மூடில லேசா வெளுப்பு இருந்துச்சு, குச்சில சுத்தமா இருக்குது. குமிழி நிக்காம வரல. அந்த நீலத் திரவம் டெஸ்டும் பண்ணினோம், நீலமாவே இருந்துச்சு. அதாவது கேஸ்கெட் நல்லா இருக்குதுங்க!

மூடில 1.1னு போட்டிருக்குது, பம்ப்ல வெச்சா 0.4 தாண்டறதுக்குள்ளயே விட்டுருது. அடியில இருக்கற ரப்பர் வெடிச்சு கல்லு மாதிரி ஆயிருந்துச்சு. ரேடியேட்டர்ல அழுத்தம் ஏத்தி வெச்சதுல மெதுவா இறங்குச்சு, அப்புறம் பாத்தா கீழ் ஹோஸ் இன்ஜின்ல சேர்ற எடத்துல கிளிப் துரு புடிச்சு லூசா இருந்துச்சு, சுத்தி வெள்ளையா உப்புத் தடம். வாட்டர் பம்ப் ஓட்டை காஞ்சு சுத்தமா இருக்குது, கையால ஆட்டினா ஆட்டமும் இல்ல.

அடுத்து தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை கழட்டினோம். அண்ணா, உள்ள ஒண்ணுமே இல்லீங்க. வெறும் ஓட்டை. வண்டி வாங்கின நாள்ல இருந்து அப்படியேதான் ஓட்டியிருக்கேன். அந்த ஓட்டை சுத்தி செங்கல் பொடி மாதிரி சிவப்பா சேறு. ஷெட் பெரியவர் ஒரு நிமிசம் பேசவே இல்ல, போர்த்தண்ணி ஊத்தினியான்னு மட்டும் கேட்டார்.

ரேடியேட்டரை தூரத்துல இருந்து சூடு பாக்கற துப்பாக்கில அடிச்சு பாத்தோம், மேல் பக்கம் 86 காட்டுது, நடுவுல சில எடத்துல 80, வலது கீழ் மூலை முழுக்க 50க்கு கீழதான் இருக்குது, அந்தப் பக்கம் தண்ணியே போகலைன்னு சொன்னார். ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கற ஏசியோட ரேடியேட்டர் மாதிரி) ரேடியேட்டருக்கும் நடுவுல பஞ்சு மாதிரி தூசியும் பூச்சியும் அடைச்சு கிடந்துச்சு. பேன் மட்டும் நல்லா இருக்குது, 96ல தானா ஓடி நின்னுச்சு.

இப்ப என் கேள்வி. ரேடியேட்டரை ஆசிட் ஊத்தி கழுவிரலாமா, இல்ல புதுசே போடணுமா? ஒருத்தர் பாத்ரூம் கழுவற ஆசிட்ல ஊற வெச்சா பளபளன்னு ஆயிரும்ங்கறார். தெர்மோஸ்டாட் ஆர்டர் பண்ணிட்டேன். கூலண்ட் எப்படி நிரப்பணும்னும் சொல்லுங்க, காத்து நின்னுரும்னு பயமா இருக்குது.

---

மதுரை_ஸ்பேனர்:

நீங்க பொறுமையா உக்காந்து பாத்தது ரொம்ப சந்தோசம்ணே.

பாத்ரூம் ஆசிட் வேணவே வேணாம், அது அலுமினியத்தை தின்னுரும், இன்னைக்கு அடைப்பு போகும், அடுத்த மாசம் ஓட்டை விழும். பழைய செம்பு ரேடியேட்டரா இருந்தா டேங்கை பிரிச்சு கம்பி விட்டு அடைப்பு எடுத்து திருப்பி பத்த வெப்பாங்க. உங்களோடது அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும் மடிச்சு அமுக்குனது, பிரிச்சா ஓரம் திரும்ப நல்லா உக்காராது. ஒரு மூலையே அடைச்சுருச்சுன்னா நான் புதுசுதான் போடுவேன். ஆனா புது ரேடியேட்டர் போடுறதுக்கு முன்னாடி இன்ஜினை கழுவிருங்க, இல்லைன்னா அந்த செங்கல் பொடி எல்லாம் புதுசுல போய் உக்காந்துரும். அலுமினியத்துக்கு ஆகுற ரேடியேட்டர் பிளஷ்னு பாட்டில் கிடைக்கும், அதுல போட்டிருக்குற அளவுக்கு ஊத்தி ஓட்டி இறக்கிருங்க. பிறகு தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் கழுவி கடைசி ரெண்டு தடவை டிஸ்டில் வாட்டர்ல கழுவுங்க. இதெல்லாம் பழைய ரேடியேட்டரை வெச்சே பண்ணுங்க. இந்த நேரத்துல தெர்மோஸ்டாட் இல்லாம இருக்குறது நல்லதுதான், நல்லா சுத்தும். முடிச்சிட்டு புது தெர்மோஸ்டாட், அதோட புது கேஸ்கெட், ரேடியேட்டர், மூடி, ரெண்டு ஹோசு, கிளிப் எல்லாம் ஒரே தடவையா போடுங்க. 12 வருச ஹோசை திருப்பி மாட்டுறது வீண்.

தெர்மோஸ்டாட்டை மாட்டுறதுக்கு முன்னாடி அடுப்புல ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சு நூல்ல கட்டி தொங்க விட்டு சூடு பண்ணிப் பாருங்க, புதுசுலயும் ஆயிரத்துல ஒண்ணு மக்கர் இருக்கும். மாட்டும்போது அதுல சின்னதா ஒரு ஆடுற ஆணி இருக்கும் பாருங்க, நிறைய வண்டில அது மேல் பக்கமா வரணும், காத்து அது வழியாத்தான் வெளிய போகும், உங்க வண்டி புத்தகத்துலயும் ஒருக்கா பாத்துக்கங்க.

நிரப்புறதுல ஒரு கணக்கு இருக்கு. எவ்வளவு இறக்கினாலும் இன்ஜின் பிளாக்குக்குள்ள ஒரு லிட்டருக்கு மேல நின்னுக்கும். மொத்தம் உங்க வண்டி நாலரை லிட்டர் புடிக்கும்னு வெச்சுக்குவோம், நீங்க கலந்து வெச்ச பாதிக்குப் பாதியை ஊத்துனா உள்ள நிக்கிற தண்ணியும் சேந்து நீர்த்து போயிரும். அதனால கான்சன்ட்ரேட் வாங்கி மொத்தத்துல பாதி, அதாவது ரெண்டேகால் லிட்டரை மொதல்ல ஊத்திருங்க, மிச்சத்துக்கு டிஸ்டில் வாட்டர். இப்ப சரியா பாதிக்குப் பாதி வரும்.

வண்டி மூக்கு மேல இருக்குற மாதிரி சாய்வுல நிறுத்துங்க. ஹீட்டரை முழுச் சூட்டுல வைங்க. மூடியை திறந்தபடி மெதுவா ஊத்துங்க, மேல் ஹோசை கையால அமுக்கி அமுக்கி விட்டா குபுக்குபுக்குன்னு காத்து வரும். பிளீட் ஸ்க்ரூ (காத்தை வெளிய விடுற திருகு) இருந்தா அதை திறந்து தண்ணி மட்டும் வர்ற வரைக்கும் விடுங்க. ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விடுங்க, மட்டம் குறையக் குறைய ஊத்துங்க. தெர்மோஸ்டாட் திறக்குறப்ப மேல் ஹோஸ் திடீர்னு சுடும், மட்டம் ஒரே இறக்கமா இறங்கும், அப்ப நிரப்பி மூடிருங்க. ஹீட்டர்ல நல்ல சூட்டுக் காத்து வந்தா உள்ள காத்து நிக்கலைன்னு அர்த்தம். மறுநாள் காலைல ஆறின பிறகு திரும்ப பாத்து குறைஞ்சிருந்தா ஊத்துங்க, ரெண்டு நாள் இப்படி குறையும், மூணாம் நாள்ல இருந்து குறையக்கூடாது.

கண்டென்சருக்கு நடுவுல இருக்குற தூசிய எடுக்க ரேடியேட்டர் கழட்டுறப்பதான் நல்ல நேரம். இன்ஜின் பக்கமா இருந்து முன்பக்கம் பாத்து சாதா ஹோஸ் தண்ணில அடிங்க, சர்வீஸ் ஸ்டேசன் பிரஷர் கன்னை கிட்டக்க வெச்சா கண்டென்சரோட மெல்லிய தகடு எல்லாம் மடங்கிரும்.

அப்புறம் டேஷ்போர்டு ஊசியை ரொம்ப நம்பாதீங்க. நிறைய கார்ல 80க்கும் 105க்கும் நடுவுல அது அசையாம நடுவுலயே நிக்கிற மாதிரி வெச்சிருப்பான், பாதிய தாண்டி நகருதுன்னாலே நெலமை முத்திருச்சுன்னு அர்த்தம். புளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர் சொல்றதை படிக்கிற சின்ன கருவி) ஒண்ணு வாங்கி போன்ல வெச்சுக்கங்க, உண்மையான டிகிரி தெரியும்.

---

கரூர்_டிராவல்ஸ்:

மதுரை அண்ணா, பைபாஸ் விசயம் எனக்கு இதுவரைக்கும் தெரியாது. என் வண்டிக்கும் தெர்மோஸ்டாட் திரும்ப போட சொல்லிட்டேன். மைலேஜ் கம்மியா இருக்கறதுக்கு இன்ஜெக்டர்தான் காரணம்னு ரெண்டு தடவை கிளீன் பண்ணியிருக்கேன். ஒரு சந்தேகம், டீசல்லயும் இதே மாதிரிதானா?

---

மதுரை_ஸ்பேனர்:

அதேதாண்ணே. டீசல் இன்ஜின் இயல்பாவே கம்மி சூடு வெளிய விடும், அதனால தெர்மோஸ்டாட் இல்லைன்னா இன்னும் குளிர்ந்து ஓடும். டீசல் அரைகுறையா எரியும், கரி புடிக்கும்.

---

உடுமலை_வண்டி:

எல்லாம் முடிச்சாச்சுங்க. ரேடியேட்டர், மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலண்ட், கூலி எல்லாம் சேத்து எட்டாயிரத்து சில்லரை ஆச்சு. கழுவும்போது வந்த முதல் தண்ணி டீ மாதிரி இருந்துச்சு, ஏழாவது தடவைதான் தெளிஞ்சுது. தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்புல வெச்சு பாத்தோம், பெரியவன் தெர்மாமீட்டரை புடிச்சுட்டு நின்னான், 83ல திறக்க ஆரம்பிச்சுது, அவனுக்கு ரொம்ப ஆச்சரியம். பழைய கூலண்டை கேன்ல புடிச்சு ஷெட்லயே குடுத்துட்டேன், அவர் பழைய ஆயில் எடுக்க வர்ற ஆளுகிட்ட தனியா குடுத்துக்கறேன்னு சொன்னார்.

மூணு வாரம் ஆச்சு. ரிசர்வ் டேங்க்ல முதல் ரெண்டு நாள் கொஞ்சம் குறைஞ்சுது, அதுக்கப்புறம் மார்க் போட்ட எடத்துலயே நிக்குது. காலைல எடுத்தா பொள்ளாச்சி ரோட்டுல நாலு கிலோமீட்டர் போறதுக்குள்ள ஊசி பாதிக்கு வந்துருது. மைலேஜ் ரெண்டு தடவை முழு டேங்க் அடிச்சு பாத்ததுல 15.8, 16.1.

நேத்து வால்பாறை போனோம். மறுபடியும் முன்னாடி ஒரு பஸ்ஸு, சாரதி ஐயா சொன்ன மாதிரி இடம் விட்டு செகண்ட் கியர்லயே போனேன், ஏசி ஓடிட்டே இருந்துச்சு. ஸ்கேனரை போன்ல போட்டு வீட்டுக்காரம்மா கையில குடுத்துட்டேன், அவங்க ஒவ்வொரு பெண்டுலயும் டிகிரியை படிச்சு சொல்லிட்டே வந்தாங்க. 91, 94, 97, பேன் ஓடினதும் 93. நாப்பது பெண்டுலயும் அதிகமா பாத்தது 99 தான். போன தடவை நிறுத்தின எடம் வந்தப்ப அம்மா மட்டும் ஒரு நிமிசம் பேச்சை நிறுத்தி ஊசியையே பாத்துட்டு இருந்தாங்க, தாண்டினதும் அவங்களே தேங்காய் பன்னை எடுத்து எல்லாருக்கும் பிச்சு குடுத்தாங்க.

ஒரே ஒரு கேள்வி மட்டும் பாக்கி, இந்த கூலண்டை அடுத்து எப்ப மாத்தணுமுங்க?

---

ஷார்ஜா_கேரேஜ்:

ரொம்ப சந்தோசம் நண்பா. பழைய சாதா வகைன்னா ரெண்டு வருசம் இல்ல 40,000 கிலோமீட்டர், நீண்ட ஆயுள் வகைன்னா பாட்டில்ல, வண்டி புத்தகத்துல போட்டிருக்குறது எது கம்மியோ அது. உங்களோடதுல பழைய துரு கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும், அதனால இந்த முதல் தடவை மட்டும் ஒரு வருசத்துல இறக்கி கலர் பாத்துருங்க. மாத்துன தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பானெட்டுக்கு அடியில ஒட்டி வைங்க, கூடவே தெர்மோஸ்டாட் போட்டிருக்குன்னும் எழுதுங்க, பின்னாடி இந்த வண்டிய வாங்குறவருக்கு உதவும்.